நாற்பதைக் கடந்த நம் தாய்மார்

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மகளிர் அரங்கில், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

     

சங்கத்தின் வளர்ச்சியைப் பற்றி எமக்கு முன் பேசியவர்கள் விரிவாக எடுத்துரைத்தார்கள். எத்தனை பிள்ளைகள் பள்ளியிறுதி கண்டார்கள், எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள், எத்தனை பேர் ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் அலுவலர்களாகவும் ஆனார்கள் என்ற கணக்கைக் கேட்டு நம் உள்ளம் பூரித்தது. ஆயின், இன்னொரு கணக்கும் உண்டு. சமுதாயக் கூடத்துத் திண்ணையில் மாலை வகுப்பு தொடங்கிய நாளில், அப்பிள்ளைகளைக் கைப்பிடித்து அழைத்து வந்த தாய்மார்க்கு வயது இருபதும் முப்பதுமாக இருந்தது. இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. இன்று அவர்கள் நாற்பதையும் ஐம்பதையும் கடந்து இவ்வரங்கில் அமர்ந்திருக்கிறார்கள். பிள்ளைகளின் மதிப்பெண்ணை எண்ணி வைத்த நாம், அவர்களைப் பெற்றவர்களின் உடல்நிலையை எண்ணிப் பார்த்தோமா? இதுவே இன்று நாம் எழுப்ப விரும்பும் வினா.

பெண்களின் மாதவிலக்கு நிற்கும் காலத்தைப் பற்றியும், அதற்கு முன் வரும் சில ஆண்டுத் துன்பத்தைப் பற்றியும் பேச இருக்கிறோம். ஆண்மகன் ஒருவன், அதிலும் பள்ளி ஆசிரியன், மேடையேறிப் பேசத்தக்க பொருளா இது என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். "வீட்டுக்குத் தூரம்" என்று சொல்லி ஒதுக்கி வைத்த பொருள் இது. ஒதுக்கி வைப்பது என்றால் என்னவென்று நம்மைவிட அறிந்தவர் யார்? ஆகவே நம் சபையில் எந்த உடலின் துன்பமும் ஒதுக்கப்படலாகாது. அண்ணல் அம்பேத்கர் 1928ஆம் ஆண்டிலேயே பம்பாய் சட்டமன்றத்தில் பெண் தொழிலாளர்களின் பேறுகால உதவிச் சட்ட முன்வரைவை ஆதரித்துப் பேசினார். 1942 சூலையில் நாகபுரியில் கூடிய தாழ்த்தப்பட்ட பெண்கள் மாநாட்டில், ஒரு சமுதாயத்தின் முன்னேற்றத்தை அதன் பெண்களின் முன்னேற்றத்தைக் கொண்டே அளப்பதாக எடுத்துரைத்தார். அவர் கூசாமல் பேசிய பொருளை நாம் பேசக் கூசுவானேன்?

எங்கள் இல்லத்தில் நேர்ந்ததையே முதலில் சொல்லிவிடுகிறோம். எங்கள் தமக்கையார் திருமங்கலம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்பவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, பூப்பறித்தும் நாற்று நட்டும் ஈட்டிய கூலியில் தம்பிமாரைப் படிக்க வைத்தவர். எங்கள் பெயருக்குப் பின்னே நிற்கும் பி.ஏ., பி.எட். என்னும் எழுத்துகள் அவர் கையால் பறித்த மல்லிகை மொட்டுகள் என்று சொன்னால் மிகையாகாது. இரவு மூன்று மணிக்குக் கைவிளக்கோடு தோட்டத்தில் இறங்கி, பொழுது விடிந்து வெயில் ஏறுமுன் மொட்டுப் பறித்து, மாட்டுத்தாவணி மலர்ச்சந்தைக்கு வண்டி புறப்படுமுன் எடை போட்டுக் கொடுக்க வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. கை ஓய்ந்தால் கூலியும் ஓய்ந்தது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், அவருக்கு நாற்பத்தைந்து வயது நடந்தபோது உடலில் மாறுதல்கள் தோன்றின. மார்கழிப் பனியில் பூப்பறித்துக்கொண்டிருக்கும்போதே மார்பிலிருந்து முகம் வரை குப்பென்று சூடு ஏறும், வியர்த்துக் கொட்டும், சற்று நேரத்தில் குளிரும். வரப்பில் அமர்ந்து முந்தானையால் விசிறிக்கொள்வார். உறக்கம் துண்டு துண்டாயிற்று. காரணமின்றி நெஞ்சு படபடத்தது. மூட்டுகள் வலித்தன. எண்ணெய்க் கடையில் நின்று எதற்கு வந்தோம் என்று மறந்தார். எவரையும் கடிந்து பேசாதவர் மருமகளிடம் சீறினார். பிறகு தனியே அமர்ந்து அழுதார். மாதவிலக்கு ஒரு முறை இருபது நாளில் வரும். மறுமுறை ஐம்பது நாள் ஆகும். வந்தால் துணி தாங்காது.

மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிப் பார்த்தார். பயனில்லை. பின்னர் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். இரத்த அழுத்தம் பார்த்தார்கள். சர்க்கரை, தைராய்டு, இதயத் துடிப்பின் வரைபடம், வயிற்று ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். ஏறத்தாழ ஒரு மாதக் கூலி செலவாயிற்று. அனைத்தும் சரியாக இருந்தன. இரத்தத்தின் அளவு மட்டும் குறைவாக இருந்தது. அதையும் "கூலி வேலைக்குப் போகும் பெண்களுக்கு இது வழக்கம்தான்" என்று தள்ளிவிட்டார்கள். "உங்களுக்கு ஒன்றுமில்லை, மனத்தை நிம்மதியாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

அன்று மாலை நாங்கள் செய்ததை இன்று நாணத்தோடு ஒப்புக்கொள்கிறோம். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு தாளாக உரக்கப் படித்தோம். "எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது அக்கா, வீணாக ஏன் கவலைப்படுகிறீர்கள்?" என்று கேட்டோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, பிறகு சொன்னார்: "தாளு ஒண்ணுமில்லைங்குது தம்பி. ஒடம்பு இருக்குங்குது. நான் எதை நம்ப?"

எழுத்தறிந்த நாங்கள் தாளை நம்பினோம். எழுத்தறியாத அவர் உடலை நம்பினார். உண்மை அவர் பக்கம் இருந்தது.

அதன்பின் நடந்தவை நீங்கள் அறியாதவை அல்ல. உறவினர் குறி கேட்கப் போனார்கள். தோட்டக்காரர் "வேலைக்குக் கள்ளம்" என்றார். இரத்தப்போக்கு மிகுந்தபோது வேறொரு மருத்துவமனையில், கருப்பையை எடுத்துவிட்டால் எல்லாத் தொல்லையும் தீர்ந்துவிடும் என்று சொல்லி நாளும் குறித்துக் கொடுத்தார்கள். காதுத் தோட்டை அடகு வைக்கத் தமக்கையார் ஆயத்தமாகிவிட்டார். எங்கள் இல்லத்தரசியார்தான் தடுத்து, அரசு மருத்துவமனை ஒன்றில் வயது முதிர்ந்த பெண் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றார்.

அம்மருத்துவர் தடித்த கோப்பை வாங்கி ஓரமாக வைத்தார். "அம்மா, போன வருஷம் முழுக்க உங்களுக்குத் தூரம் எப்படி எப்படி வந்தது? ஞாபகம் இருக்கிற மட்டும் சொல்லுங்கள்" என்று கேட்டார். உறக்கத்தைப் பற்றிக் கேட்டார். சூடு எப்போது ஏறுகிறது என்று கேட்டார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். கால் மணி நேரத்தில் காரணம் விளங்கிவிட்டது. கேட்கப்பட்டவை நான்கு வினாக்கள். அவற்றை முன்னரே கேட்டிருந்தால் ஓராண்டுத் துன்பம் மிஞ்சியிருக்கும்.

இனி, உடலுக்குள் நடப்பது யாதெனக் காண்போம். பெண் பிறக்கும்போதே அவளுடைய சினைப்பைகளில் கருமுட்டைகள் அமைந்திருக்கின்றன. ஆண்டுதோறும் அவை குறைந்துகொண்டே வருகின்றன. நாற்பது வயதை ஒட்டி, சில மாதங்களில் முட்டை வெளிப்படாமலே போகும். முட்டை வெளிப்படாத மாதத்தில் புரோஜெஸ்ட்ரோன் என்னும் ஹார்மோன் போதிய அளவு சுரக்காது. ஈஸ்ட்ரோஜன் என்னும் மற்றொன்று ஒரு வாரம் மிக ஏறியும் மறுவாரம் மிகத் தாழ்ந்தும் அலையும். கருப்பையின் உட்படலம் தடித்து, இரத்தப்போக்கு மிகும். மூளையில் உடற்சூட்டைச் சீராக வைக்கும் பகுதியும் நிலைதடுமாறும். அதனாலேயே பனிக்காலத்திலும் அனல் வீசியதுபோல் தோன்றுகிறது. உறக்கம், மனநிலை, நினைவு, மூட்டு ஆகிய அனைத்தையும் இவ்வலைச்சல் தொடுகிறது.

மாதவிலக்கு நின்று பன்னிரண்டு மாதங்கள் தொடர்ந்து வராதிருந்தால்தான் அது முற்றும் நின்றதாகக் கொள்வர். இதனை மெனோபாஸ் என்கிறார்கள். அதற்கு முன் வரும் இவ்வலைச்சல் காலத்துக்குப் பெரிமெனோபாஸ் என்று பெயர். நாம் அதனை "முன்பருவம்" என்று அழைப்போம். இது பெரும்பாலும் நான்கைந்து ஆண்டுகள் நீடிக்கும். சிலர்க்கு அதனினும் கூடும். மேலைநாட்டுப் பெண்களுக்கு ஏறத்தாழ 51 வயதில் மாதவிலக்கு நிற்கிறது. நம் நாட்டில் 46, 47 வயதளவிலேயே நின்றுவிடுகிறது. வறுமையிலும் கல்வியின்மையிலும் வாடும் நாட்டுப்புறப் பெண்களுக்கு இன்னும் முன்னதாகவே நிற்பதைக் கணக்கெடுப்புகள் காட்டியுள்ளன. ஆகவே நம் தாய்மார்க்கு முன்பருவம் நாற்பதிலேயே, சிலர்க்கு அதற்கும் முன்னரே தொடங்கிவிடுகிறது. "உங்களுக்கு இன்னும் வயதாகவில்லையே" என்று எவரேனும் சொன்னால், அச்சொல்லை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

அங்ஙனமாயின் சோதனைத் தாள்கள் ஏன் சரியென்று காட்டின? சர்க்கரையையும் தைராய்டையும் சோதித்த தாள், சர்க்கரையைப் பற்றியும் தைராய்டைப் பற்றியுமே விடை சொல்லும். கேட்காத வினாவுக்கு விடைத்தாளில் விடை இராது. சரி, ஹார்மோனையே நேராகச் சோதித்தால் ஆகாதா என்று கேட்கலாம். எஃப்.எஸ்.எச். என்றொரு சோதனை உண்டு. சினைப்பை தளர்ந்தால் அந்த அளவு உயரும். ஆயின் முன்பருவத்தில் அது இன்று உயரும். அடுத்த வாரம் தாழும். தாழ்ந்திருக்கும் நாளில் இரத்தம் எடுத்தால் அளவு சரியாகவே இருக்கும். அப்போது, துன்பமே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

ஆசிரியர்களாகிய நமக்கு இது எளிதில் விளங்கும். ஒரு நாள் பள்ளி ஆய்வாளர் வருகிறார். அன்று வகுப்பில் நாற்பது பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதனைக் கொண்டு அவ்வாண்டு முழுதும் எப்பிள்ளையும் விடுப்பு எடுக்கவில்லை என்று எழுதலாமா? வருகைப் பதிவேட்டைப் புரட்டினாலன்றோ, பூப்பறிப்பு நாளில் யார் வரவில்லை, கரும்பு வெட்டும் மாதத்தில் யார் வரவில்லை என்பது தெரியும்? ஒரு நாள் இரத்தம் ஆய்வாளர் வந்த நாளைப் போன்றது. ஓராண்டு மாதவிலக்கின் கணக்கு வருகைப் பதிவேட்டைப் போன்றது.

இது எமது கற்பனையன்று. உலக மருத்துவர்கள் 2001ஆம் ஆண்டிலும், அதனைத் திருத்தி 2011ஆம் ஆண்டிலும் கூடி, இப்பருவத்தின் படிநிலைகளை வகுத்தார்கள். அவ்வகுப்பின் முதன்மையான அளவுகோல் மாதவிலக்கின் நாட்கணக்கே. அடுத்தடுத்த சுழற்சிகளுக்கிடையே ஏழு நாள் அல்லது அதற்கு மேற்பட்ட வேறுபாடு திரும்பத் திரும்ப வந்தால் முன்பருவம் தொடங்கியது என்றும், அறுபது நாள் அல்லது அதற்கு மேல் வராதிருந்தால் அதன் பிற்பகுதி வந்தது என்றும் கொண்டார்கள். இங்கிலாந்தின் மருத்துவ நெறிமுறைக் கழகம் 2015ஆம் ஆண்டில், நாற்பத்தைந்து வயதைக் கடந்து இத்தொல்லைகளோடு வரும் நலமான பெண்ணுக்கு முன்பருவத்தை முடிவு செய்ய ஹார்மோன் சோதனை வேண்டியதில்லை, அவள் சொல்வதைக் கேட்டே முடிவு செய்யலாம் என்று நெறி வகுத்தது. நம் நாட்டிலும் இதற்கென்றே இந்திய மெனோபாஸ் சங்கம் 1995ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. வழி உண்டு, அவ்வழி நம் சேரி வாசல் வரை வந்து சேரவில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. சோதனைகள் வீண் என்று நாம் சொல்லவில்லை. தைராய்டுக் கோளாறும், சர்க்கரையும், இரத்தச் சோகையும், இதய நோயும் இதே துன்பங்களைத் தரக்கூடும். அவை இல்லை என்று உறுதி செய்யவே அச்சோதனைகள் வேண்டும். நாற்பது வயதுக்கு முன்னரே மாதவிலக்கு நின்றாலோ தடுமாறினாலோ, ஹார்மோன் சோதனையும் கட்டாயம் வேண்டும்; ஒரு முறை போதாது, சில வாரம் விட்டு மறுமுறையும் செய்ய வேண்டும். நெஞ்சு வலித்து மூச்சுத் திணறினால் அதனை முன்பருவம் என்று எண்ணி வீட்டில் இருக்கலாகாது. முற்றும் நின்று ஓராண்டு கழிந்த பின் ஒரு துளி இரத்தம் பட்டாலும் உடனே மருத்துவரைக் காண வேண்டும். புற்றுநோயின் அறிகுறியாக அது இருக்கக்கூடும். நாற்பதுக்கு மேல் இரத்தப்போக்கு மிகுந்தவர்க்குக் கருப்பை உட்படலத்தில் சிறிது எடுத்துச் சோதிப்பதும் உண்டு. எங்கள் தமக்கையார்க்கும் அதனைச் செய்து, அஞ்சத்தக்கது ஒன்றுமில்லை என்று உறுதி செய்த பின்னரே மருந்து தொடங்கினார்கள்.

மருந்து உண்டா என்றால், உண்டு. இரத்தப்போக்கைக் குறைக்கும் மாத்திரைகள் உள்ளன. கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் வளையமும் போக்கைப் பெரிதும் குறைக்கிறது. இரத்தச் சோகைக்கு இரும்புச் சத்து மாத்திரைகளை அரசு நிலையங்களில் இலவசமாகவே தருகிறார்கள். உடற்கொதிப்பும் உறக்கமின்மையும் மிக வாட்டினால், குறைந்துவிட்ட ஹார்மோனைச் சிறிய அளவில் ஈடு செய்யும் மருத்துவமும் உண்டு. 2002ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த பெரியதோர் ஆய்வு, அம்மருந்தால் மார்பகப் புற்றும் இரத்தக் கட்டும் கூடும் என்று அறிவித்ததால் உலகெங்கும் மருத்துவர்கள் அதனைக் கைவிட்டார்கள். அவ்வாய்வில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது அறுபத்து மூன்று என்பதைப் பின்னரே எண்ணிப் பார்த்தார்கள். அறுபது வயதுக்குட்பட்டு, மாதவிலக்கு நின்று பத்தாண்டு ஆகாதவர்களில் தக்கவர்க்கு, கேட்டினும் நன்மையே மிகுதி என்பது இன்றைய கருத்து. மார்பகப் புற்று கண்டவர், இரத்தக் கட்டு வந்தவர், கல்லீரல் நோயுள்ளவர் ஆகியோர்க்கு இது பொதுவாக ஆகாது. அவர்களுக்கு ஹார்மோன் அல்லாத மருந்துகள் உண்டு. எதுவாயினும் மருத்துவர் தேர்ந்து தர வேண்டியது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கத் தக்கதன்று. முன்பருவத்திலும் கருத்தரிக்கக் கூடும் என்பதையும் மறத்தலாகாது.

தாய்மார்களே! நம்மை அச்சுறுத்தும் பெருங்கேடு இனித்தான் வருகிறது. நோயின் பெயர் தெரியாத இடத்தில் கத்தி வந்துவிடுகிறது. மராட்டிய மாநிலத்துப் பீடு மாவட்டத்தின் செய்தியை 2019ஆம் ஆண்டில் நாடே கேட்டுத் திகைத்தது. கரும்பு வெட்டப் போகும் பெண்கள் மாதவிலக்கு நாளில் ஒரு நாள் வராவிட்டாலும் ஒப்பந்தக்காரர் தண்டம் பிடிப்பார். ஆகவே இளம் வயதிலேயே கருப்பையை எடுத்துவிட்டு வெட்டப் போனார்கள். அரசு அமைத்த குழு 82,000க்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்களிடம் விசாரித்ததில், 13,000க்கும் மேற்பட்டோர் அவ்வறுவை செய்துகொண்டது தெரியவந்தது. பீகார், சத்தீசுகர், இராசசுத்தான் மாநிலங்களில் தேவையின்றிச் செய்யப்பட்ட கருப்பை அறுவைகளைக் குறித்து மருத்துவர் நரேந்திர குப்தா 2013ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் சென்றார். பத்தாண்டு கழித்து, 2023 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. தேவையற்ற கருப்பை அறுவையைத் தடுக்க நடுவண் அரசு வகுத்த நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. நாடு, மாநிலம், மாவட்டம் ஆகிய மூன்று நிலைகளிலும் கண்காணிப்புக் குழு வேண்டும் என்பது அந்நெறிமுறை.

கருப்பையை எடுத்தே தீர வேண்டிய நோய்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆயின் கருப்பையோடு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால், நான்கைந்து ஆண்டுகளில் படிப்படியாக வர வேண்டிய மாறுதல் ஒரே நாளில் வந்து விழுகிறது. எலும்பு தேய்கிறது, இதய நோய்க்கும் வாய்ப்புக் கூடுகிறது. நாற்பது வயதில் சுமை தூக்கி உண்ண வேண்டிய பெண்ணுக்கு எலும்புதான் சொத்து. கடன் வாங்கி அச்சொத்தை அழிப்பதா?

நம் பெண்களுக்கு ஏன் இத்துன்பம் இருமடங்காகிறது? இருட்டோடு எழுந்து நகரத் தெருவைக் கூட்டும் தூய்மைப் பணியாளர் சகோதரி, இரத்தப்போக்கு மிகுந்த நாளில் துணி மாற்ற எங்கே போவாள்? சேற்றில் குனிந்து நாற்று நடுபவளுக்கு மறைவிடம் ஏது? செங்கல் சூளையின் அனலில் நிற்பவள், உள்ளே ஏறும் அனலை யாரிடம் சொல்வாள்? 2019-21ஆம் ஆண்டுகளில் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர்க்கு இரத்தச் சோகை. ஏற்கெனவே குறைந்த இரத்தம் மேலும் வடிந்தால் எஞ்சுவது யாது? மேலும், "இவர்கள் உழைக்கும் உடம்பு, எதையும் தாங்குவார்கள்" என்ற எண்ணம் படித்தோர் நெஞ்சிலும் ஒளிந்திருக்கிறது. தாங்குகிறார்கள் என்பதாலேயே வலிக்கவில்லை என்று பொருளாகிவிடாது.

ஆகவே இவ்வெள்ளி விழா நாளில் சில செயல்களை நாம் மேற்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் நாட்காட்டி தொங்குகிறது. மாதவிலக்கு வந்த நாளுக்கு ஒரு வட்டம் இடுங்கள். எத்தனை நாள் நீடித்தது, எத்தனை துணி மாற்றினோம், எந்த இரவு உறங்கவில்லை, எந்நாளில் சூடு ஏறியது என்பதற்கு ஒவ்வொரு குறி இடுங்கள். எழுதத் தெரியாத தாய்க்கு மகள் எழுதட்டும், மகனும் எழுதட்டும். இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் எழுத்துக் கற்பித்ததன் பயன் அந்தத் தாளிலும் தெரியட்டும். ஆறு மாதக் குறிப்போடு மருத்துவரிடம் சென்றால், அதுவே உங்கள் பதிவேடு. காத்திருக்க முடியாத அளவு தொல்லை இருந்தால், நினைவில் உள்ளதைச் சொல்லியேனும் உடனே செல்லுங்கள்.

மருத்துவர் முன் அமர்ந்ததும், "உடம்பெல்லாம் வலி" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். உங்கள் வயதைச் சொல்லுங்கள். கடைசியாக எந்நாளில் வந்தது என்று சொல்லுங்கள். இத்தொல்லையால் எந்த வேலையைச் செய்ய இயலவில்லை என்று சொல்லுங்கள். "இது தூரம் நிற்கும் காலத்துத் தொந்தரவாக இருக்குமா?" என்று நீங்களே கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவன்று, உரிமை. கருப்பையை எடுக்க வேண்டும் என்றால், எந்த நோய்க்காக, மருந்தால் ஆகாதா, சினைப்பையையும் எடுப்பீர்களா என்று கேட்டு, விடையை எழுதி வாங்குங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லையெனில் நாள் குறிக்குமுன், அரசு இராசாசி மருத்துவமனையிலோ வட்டார அரசு மருத்துவமனையிலோ மகளிர் மருத்துவரிடம் இரண்டாவது கருத்தைக் கேளுங்கள்.

ஆண்மக்களே! உங்களுக்கும் ஒரு சொல். மனைவி சீறினால் உடனே கோபம் கொள்ளாது, அவள் இரவு உறங்கினாளா என்று கேளுங்கள். குடம் தூக்க ஒரு கை கொடுங்கள். மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள். மதுவுக்குச் செலவாகும் காசில் அவளுக்கு முட்டையும் கீரையும் வரட்டும்.

சங்கத்தின் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். 2021ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியே, எத்தனையோ வீட்டு வாசல்களில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கண்டறியப்பட்டன. வாசலுக்கு வந்து அழுத்தம் பார்ப்பவர், நாற்பதைக் கடந்த பெண்ணிடம் மாதவிலக்கைப் பற்றியும் இரண்டு வினாக் கேட்டால் எவ்வளவு நன்மை விளையும்! அதற்காக மாவட்ட ஆட்சியர்க்கும் நலப்பணி அலுவலர்க்கும் சங்கத்தின் சார்பில் விண்ணப்பம் செய்வோம். உலகெங்கும் அக்டோபர் 18ஆம் நாளை மெனோபாஸ் நாளாகக் கொள்கிறார்கள். ஆண்டுதோறும் அந்நாளில் மகளிர் மருத்துவர் ஒருவரை இக்கூடத்துக்கு அழைத்து, தாய்மார் மனம் விட்டுப் பேச வழி செய்வோம். நாம் படிக்க வைத்த செவிலியர் பெண்கள் அதற்கு முன்நிற்கட்டும்.

எங்கள் தமக்கையாரைப் பற்றிய செய்தியை முடிக்காமல் விட்டோம். இரும்புச் சத்தும், போக்கைக் குறைக்கும் மாத்திரையும், பின்னர்ச் சோதித்துத் தந்த சிறிய அளவு ஹார்மோனும் எடுத்துக்கொண்டார். சில மாதங்களில் உறக்கம் திரும்பியது. நாற்பத்தெட்டாம் வயதில் மாதவிலக்கு தானே நின்றது. கருப்பை இருந்த இடத்தில் இருக்கிறது. தோடும் காதில் இருக்கிறது. இன்றும் பூப்பறிக்கப் போகிறார். அவர் இவ்வரங்கில் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். அன்று தாளைப் படித்துக் காட்டி அவர் வாயை அடைத்த தம்பிமார், இன்று இத்தனை பேர் முன்னிலையில் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

நம்மவர் சொல்லைச் சான்றாக ஏற்க மறுத்த காலம் ஒன்று இருந்தது. அதனை எதிர்த்தே நாம் எழுத்துக் கற்றோம். கற்ற எழுத்தை வைத்துக்கொண்டு நம் வீட்டுப் பெண்களின் சொல்லை நாமே மறுக்கலாகாது. தாய் தன் உடலைப் பற்றிச் சொல்லும் சொல்லே முதற்சான்று. சோதனைத் தாள் அதற்குத் துணைச் சான்று. இந்த ஒன்றை நினைவில் கொண்டு இல்லம் திரும்புங்கள்.

 வாழ்க அண்ணலின் புகழ்! வளர்க நம் சங்கம்!